அந்தக் கடிதம் எனக்கு வந்ததல்ல

அமெரிக்காவில் முழங்கால் வலிக்கான உடற்பயிற்சி வீடியோக்களை மாதச் சந்தாவுக்கு விற்கும் ஒருவருக்காக நான் தினமும் ஒரு மெயில் எழுதிக்கொடுத்து வந்தேன். மெயிலுக்கு இவ்வளவு என்று கூலி. அவர்கள் ஊரில் காலை ஆறு மணிக்கு அது போய்ச் சேர வேண்டும். கோடைக்காலத்தில் அது திருச்சியில் பிற்பகல் மூன்றரை. கையெழுத்து அவருடையது, எழுத்து என்னுடையது. வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களில் ஒரு பெண்மணிக்கு நான் செய்ததை இங்கே சொல்கிறேன்.

தினசரி மெயிலில் தள்ளுபடியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு வாரம் தாண்டாது, ஆட்கள் விலகிவிடுவார்கள். ஒரு சின்னச் சம்பவம், அதிலிருந்து ஒரு எண்ணம், கடைசியில் ஒரே ஒரு லிங்க். சப்ஜெக்ட் லைன் தெரிந்தவர் அனுப்பியது போல இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் பெரிய பெயர் கேரி ஹால்பர்ட். தபாலில் விளம்பரக் கடிதம் போன காலத்து எழுத்தாளர். மக்கள் தபாலைக் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் நின்றுதான் பிரிக்கிறார்கள், சொந்தக் கடிதம் ஒரு பக்கம், விளம்பரம் இன்னொரு பக்கம் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். குடும்பச் சின்னங்களை விற்க அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதம், சொந்தக் கடிதம் போலவே, அவருடைய மனைவியின் பெயரில்தான் போனது. இன்னொருவர் பெயரில் எழுதுவது அந்த அளவுக்கு இந்தத் தொழிலில் பழகிய விஷயம். அதை நான் இப்போதும் குற்றமாக நினைக்கவில்லை.

கிளையன்ட் தன் வாழ்க்கையிலிருந்து எனக்குச் சொன்ன கதைகள் சீக்கிரமே தீர்ந்துபோயின. தினமும் ஒன்று வேண்டும் என்றால் யாரிடம்தான் இருக்கும்? பிறகு நானே கொடுக்க ஆரம்பித்தேன். மலைக்கோட்டை ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிடும் என் பாட்டியை அவருடைய பாட்டியாக்கி, ஒரு தேவாலயத்தின் படிகளில் உட்காரவைத்தேன். மெயில் நன்றாகப் போனது. பாட்டி என்னுடையவள், கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பாட்டியும் ஒருநாள் தீர்ந்துபோனாள்.

2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் மெயில் செயலியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்று கணக்கிட, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படத்தை உள்ளே வைப்போம். அந்தப் படத்தை ஆள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஆப்பிளே முன்கூட்டி இறக்கிவைக்கத் தொடங்கியது. ஓப்பன் ரேட்டை நம்ப முடியாமல் போனதும், பதில் மெயில்கள்தான் எங்களுக்கு முக்கியமாயின. ஒருவர் உட்கார்ந்து பதில் எழுதுகிறார் என்றால் உண்மையிலேயே வாசித்திருக்கிறார் என்று அர்த்தம். அதனால் ஒவ்வொரு மெயிலின் கடைசியிலும் ஒரு கேள்வி வைத்தேன். 'உங்கள் கதையை எனக்கு எழுதுங்கள், ஒவ்வொன்றையும் நானே வாசிக்கிறேன்' என்றும் சேர்த்தேன். வாசித்தது நான். கிளையன்ட் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

எழுதினார்கள். இவ்வளவு எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வயதானவர்கள், பலர் தனியாக இருப்பவர்கள், தட்டச்சுப் பிழைகளோடு நீளநீளமாக. அவற்றில் ஒன்று அந்தப் பெண்மணியுடையது. வீட்டின் நிலவறைக்கு இறங்கும் படிக்கு அவர் கணவர் தன் கையாலேயே மரக் கைப்பிடி செய்து போட்டிருக்கிறார். கணவர் இறந்துவிட்டார். இப்போது இவரால் கீழே இறங்க முடியவில்லை. கணவரின் கருவிகள் எல்லாம் கீழேதான் இருக்கின்றன. மேல்படியில் உட்கார்ந்து கைப்பிடியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாராம். அங்கே அவர்கள் கல்யாணமான வருஷத்தைக் கணவர் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். இதை மகளிடம்கூடச் சொன்னதில்லை என்று முடித்திருந்தார்.

வாசித்துவிட்டு நான் கலங்கினேன், அது பொய்யில்லை. ஆனால் கலங்கிய அதே நேரத்தில், நாளைய மெயில் கிடைத்துவிட்டது என்றும் தெரிந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வர ஒருநாளாவது ஆகும், வேண்டாம் என்றும் சொல்லலாம். கேட்கவில்லை. மாநிலத்தை மாற்றினேன். கணவரின் தொழிலை மாற்றினேன். நிலவறையைத் தோட்டமாக்கினேன். பென்சில் எழுத்தை மட்டும் மாற்றவில்லை. அந்தக் கதைக்கு உயிரே அதுதான் என்று எனக்குத் தெரியும்; அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குக் கூலி. கடைசியில் 'மறுபடியும் படி இறங்குங்கள்' என்று லிங்க் வைத்தேன். அந்த மாதத்தில் அதிகச் சந்தா சேர்த்தது அந்த மெயில்.

மெயில் போன அன்று இரவே அந்தப் பெண்மணியிடமிருந்து பதில் வந்தது. திட்டவில்லை. கைப்பிடியில் எழுதியிருந்தது தங்கள் கல்யாண வருஷம் என்றும், உங்களிடம் மட்டும்தான் சொன்னேன் என்றும் எழுதியிருந்தார். நான் கிளையன்ட் பெயரில் பதில் போட்டேன். மரவேலை தெரிந்த கணவர்கள் பலர் இப்படி எழுதிவைப்பதுண்டு, இன்னொரு வாசகியும் இதையே சொன்னார், தற்செயல் என்று. கணவரை இழந்த ஒருத்தியிடம், அவள் நினைவு அவளுக்கு மட்டும் உரியதல்ல என்று சொன்னேன். கதையை எடுத்ததைவிட இந்தப் பதில்தான் என்னை இன்றும் குத்துகிறது. எடுத்தது அவசரத்தில். இதை யோசித்து, திருத்தி, அழகாக எழுதினேன்.

அவர் அன்சப்ஸ்கிரைப் செய்தார். அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு மெயில் சட்டம் ஒருவரை லிஸ்டிலிருந்து நீக்கப் பத்து வேலை நாள் அவகாசம் தருகிறது. எங்கள் மென்பொருள் அந்த நொடியே நீக்கிவிட்டது. அந்தச் சட்டம் கேட்கும் எல்லாவற்றையும் நாங்கள் செய்துவந்தோம். ஏமாற்றாத சப்ஜெக்ட் லைன், கீழே தபால் முகவரி, விலகும் வழி என்று ஒன்று குறையாது. லிஸ்டை விட்டுப் போனவருக்குத் தனியாக ஒரு மன்னிப்பு வரி எழுதவும் எந்தத் தடையும் இல்லை. ஆனால் உண்மையாக மன்னிப்புக் கேட்பதென்றால் நான் நானாக எழுத வேண்டும். இத்தனை நாள் உங்களோடு பேசியது கையெழுத்துக்கு உரியவர் அல்ல, திருச்சியில் இருக்கும் ஒரு பெண் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகும். நான் எழுதவில்லை.

பிறகு அந்த வேலையை விட்டேன். மனசாட்சியால் அல்ல, வேறொருவர் கூடுதலாகக் கொடுத்தார். நான் விடுவதற்கு முன்பே அந்த மெயில், புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் தானாகப் போகும் வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. நன்றாக விற்கும் மெயில்களை அப்படித்தான் நிரந்தரமாக்குவார்கள். இன்று சந்தா சேர்கிற ஒருவருக்கும் சில வாரத்தில் அந்தப் பென்சில் எழுத்து போய்ச் சேரும். எடுத்துவிடுங்கள் என்று பழைய கிளையன்டுக்கு ஒருமுறை எழுதினேன். காரணம் கேட்டார். பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று எழுதித் தருகிறேன் என்றேன். நன்றாகத்தானே போகிறது, இருக்கட்டும் என்றார். உண்மைக் காரணத்தை அவரிடமும் நான் சொல்லவில்லை. அவர் பரிந்துரைத்து வந்த கிளையன்டுகள் இன்னமும் எனக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.