ஹைடல்பெர்க் பாடகி

முதுகுல கொழுப்புக்கட்டி வந்தா நாம என்ன சொல்வோம்?
"அது பாட்டுக்கு இருக்கட்டும், விடு."

1895-ல ஜெர்மனியில, ஹைடல்பெர்க்ல, அந்தக் கட்டிக்கு ஒரு வேலை கிடைச்சுது.

டாக்டர் வின்சென்ட்ஸ் செர்னிகிட்ட ஒரு பாடகி வந்தாங்க. மார்புல கட்டி, கூடவே ஆறாத அழற்சி. (புற்றுநோய் இல்ல, அதையும் சொல்லிடணும்.) எடுத்தா ஒரு பக்கம் பள்ளம் விழும். மேடையில நிக்கிறவங்களாச்சே! அவங்க உடம்புலயே வேற இடத்துல இருந்த கொழுப்புக்கட்டியை எடுத்து, அந்தப் பள்ளத்துல வெச்சுத் தச்சுட்டார் செர்னி. மார்பு மறுசீரமைப்போட கதை பெரும்பாலும் இங்கிருந்துதான் ஆரம்பிக்குது.

அதே காலத்துல அமெரிக்காவுல ஹால்ஸ்டெட்ங்கிற அறுவை மருத்துவர், மார்புப் புற்றுநோய்னா மார்போட நெஞ்சுத் தசையையும் சேர்த்து எடுத்துட்டிருந்தார். உயிர் பிழைச்சா போதும், உருவம் யாருக்கு வேணும்னு இருந்த காலம்.

இன்னிக்கு ஜெர்மனியில புற்றுநோயால மார்பை இழந்தவங்களுக்கு மறுசீரமைப்புச் செலவை அரசு சார்ந்த காப்பீடு ஏத்துக்குது. சிகிச்சை முடிஞ்சதும் வழக்கமா மூணு வாரம் மறுவாழ்வு மையம்: உடற்பயிற்சி, மனநல ஆலோசனை.

நாமளோ, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவங்ககிட்ட மறுநாளே "இன்னிக்கு என்ன குழம்பு?"ன்னு கேக்குற ஜாதி.

உங்க வீட்டு அக்கா, அத்தை யாருக்காவது மார்பை எடுக்குற சிகிச்சை நடந்திருந்தா, மறுசீரமைப்புன்னு ஒண்ணு இருக்குன்னு டாக்டர் சொன்னாரா? நீங்க கேட்டீங்களா?