தோளா, காதா?

தமிழ் சினிமாவில் ஹீரோ ஒற்றைக் கையில் ரைஃபிளைப் பிடித்துக்கொண்டு, ஓடும் ஜீப்பிலிருந்து சுடுவார். தலைமுடிகூடக் கலையாது. நீங்கள் அப்படிச் சுட்டால் ரைஃபிள் ஒரு பக்கம், மணிக்கட்டு ஒரு பக்கம் போயிருக்கும். கல்லூரி என்.ஸி.ஸி.யில் பாயின்ட் த்ரீ நாட் த்ரீ சுட்டவர்களுக்குத் தெரியும். ஐந்து ரவுண்டு சுட்டுவிட்டு இரண்டு நாள் தோள் கன்றிப்போய்ச் சட்டை மாட்டவே சிரமப்பட்டேன். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் வரை காதுக்குள் சில்வண்டு.

உதைப்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்களின் செல்லமான தர்ட்டி-ஆட்-சிக்ஸ் ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். குண்டு 12 கிராம்கூட இல்லை. ஆனால் வினாடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகம். அந்தக் கணக்கைச் சரிக்கட்ட மூன்றரைக் கிலோ ரைஃபிள் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் உங்கள் தோளுக்கு வருகிறது. இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், உதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குண்டால் அல்ல. பின்னாலேயே பீறிட்டு வரும் வெடிமருந்து வாயுவால். மருந்து மூன்றரை கிராம்தான். ஆனால் வாயு குண்டைவிட வேகமாக வெளியே வரும்.

அந்த வாயுவைத் திருப்பிவிட்டால்? அதுதான் மஸில் பிரேக். குழாய் நுனியில் பக்கவாட்டில் துவாரங்கள் வைத்த ஒரு சிறு உருளை. வாயு முன்னே போகாமல் பக்கத்திலும் சற்றுப் பின்னாலும் பாய்கிறது. துப்பாக்கியை முன்னால் இழுக்கிறது. உதை 30 முதல் 50 சதவிகிதம் வரை குறையும். தோள் பிழைத்தது.

காது போச்சு. வாயுவோடு சத்தமும் அல்லவா திரும்பி வருகிறது!

சாதாரண வேட்டை ரைஃபிளே 160 டெஸிபலுக்குப் பக்கத்தில் வெடிக்கும். காதுக்கு ஆபத்தான எல்லை என்று சொல்லப்படுவது 140. இருபதுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். டெஸிபல் கணக்கில் இருபது என்றால் பத்து மடங்கு அழுத்தம். பிரேக் போட்டால் சுடுபவர் காதுக்கு இன்னும் ஐந்து, பத்து டெஸிபல் கூடும். பக்கத்தில் நிற்பவன் கதி அதைவிட மோசம். ஆப்பிரிக்காவில் வழிகாட்டிகள் பலருக்கு மஸில் பிரேக்கோடு வரும் வாடிக்கையாளரைக் கண்டாலே ஆகாது. சுடுபவர் வருஷத்துக்கு ஒரு முறை வந்து போகிறார். பக்கத்தில் நின்று வாங்கிக்கொள்பவன் தினம் அவன்தான்.

உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் சுமார் 15,000. போனால் போனதுதான். கோழிக்கு மறுபடி முளைக்கும், மனுஷனுக்கு முளைக்காது. வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது காதுதான் முதலில் கெடும். அதுதான் குழாய்ப் பக்கம் திரும்பியிருக்கிறது. வலது காதைத் தலையே மறைத்துக் காப்பாற்றுகிறது. ஜிம் கார்பெட்டுக்கு 1929-ல் காதருகே ஒரு கனமான ரைஃபிள் வெடித்துச் செவிப்பறை காயமானது. உள்ளே சீழ் கட்டி, அந்த வேதனையோடுதான் தல்லா தேஸ் ஆட்கொல்லிப் புலியைத் தேடிக் காட்டில் அலைந்தார்.

(வேட்டை பாவமில்லையா என்று கடிதம் எழுதப் போகிறவர்களுக்கு: இந்தியாவில் 1972 சட்டப்படி வேட்டை குற்றம். நான் அமெரிக்க லைசென்ஸ் வேட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

சரி, உதையைப் பொறுத்துக்கொள்ளலாமே என்றால் அதிலும் சிக்கல். உதை வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் விசையை இழுக்கும் கணத்தில் கண் மூடிக்கொள்ளும், கை உதறும். குண்டு மானின் நெஞ்சில் படாமல் வயிற்றில் படும். அது உடனே சாகாமல் மைல் கணக்கில் ஓடி எங்கோ புதரில் கிடந்து சாகும். யோக்கியமான வேட்டைக்காரர்களுக்கு இதைவிட அவமானம் இல்லை.

இதற்கு ஒரு குடும்பக் கதை இருக்கிறது. 1884-ல் மெஷின் கன் செய்த ஹிராம் மாக்ஸிம் அந்தச் சத்தத்திலேயே செவிடானார். அவர் மகன் ஹிராம் பெர்ஸி மாக்ஸிம் 1909-ல் சைலன்ஸருக்குப் பேடன்ட் வாங்கினார்! சினிமாவில் வருவதுபோல 'புஸ்க்' என்றெல்லாம் கேட்காது. 20, 30 டெஸிபல் குறைக்கும்; உதையையும் குறைக்கும். நார்வேயில் வேட்டைக்காரர்கள் சர்வசாதாரணமாகப் பொருத்திக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 1934-ல் அதற்கு 200 டாலர் வரி போட்டார்கள். 2026-ல்தான் அது பூஜ்யமானது.

மான்டானாவில் எனக்கு ஒரு அமெரிக்க நண்பர். வயது எழுபதுக்கு மேல். இருபது வருஷம் பிரேக் வைத்த மாக்னம் ரைஃபிளில் எல்க் சுட்டவர். காதை ஏன் மூடிக்கொள்ளவில்லை என்று கேட்டேன். "மூடினால் மிருகம் வருவது எப்படிக் கேட்கும்?" என்றார். இப்போது திறந்திருந்தாலும் கேட்பதில்லை. சென்ற வருஷம் எலெக்ட்ரானிக் காதுமூடி வாங்கியிருக்கிறார். சின்னச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுத்து, வெடிச் சத்தம் வந்ததும் கப்பென்று அடைத்துவிடும். அதை மாட்டிக்கொண்டு காட்டில் உட்கார்ந்தபோது காய்ந்த இலை மேல் அணில் ஓடுவது பல வருஷம் கழித்துக் கேட்டதாம். அன்றைக்குச் சுடவே இல்லையாம்.

சாப்பாட்டு மேஜையிலும் மாட்டிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருக்கிறார் அவர் மனைவி.