வாலில் ஏறிய 30 கிராம்... ஒரு டெய்லரும் மகனும் பறக்கவிட்ட குட்டி விமானம்!

செய்யாறு பக்கத்தில் ஓர் ஏரி. மே மாதம் என்பதால் சொட்டுத் தண்ணீர் இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காலை 6.10 மணிக்கு அந்த ஏரியின் நடுவில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். 52 வயது அப்பாவின் கையில் ஒரு குட்டி விமானம். 16 வயது மகனின் கையில் ரிமோட்.

"காத்துக்கு எதிரா நேரா தள்ளுங்கப்பா. மேல தூக்கி எறிஞ்சிடாதீங்க" என்றான் மகன்.

மோட்டார் இரைந்தது. அப்பா நாலு எட்டு ஓடி விமானத்தைக் கையிலிருந்து விட்டார். அது கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் மூக்கைத் தூக்கியது. மகன் ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். மூக்கு இன்னும் மேலே போனது. ஒரு கணம் காற்றில் அப்படியே நின்ற விமானம், இடப்பக்க றெக்கையைச் சாய்த்துக்கொண்டு தலைகுப்புற விழுந்தது.

மொத்தமே ஏழு விநாடி. இரண்டு மாத உழைப்பு, ஏழு விநாடியில் முடிந்துபோனது.

விண்ணப்பத்தில் இருந்த ஒரு வார்த்தை

அப்பா டெய்லர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறத் தெருவில் சின்னக் கடை. ஒரு காலத்தில் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே 'ஆர்டர் முடிந்தது' என்று போர்டு வைத்த கடை. ரெடிமேடு வந்த பிறகு அதே கடையில் ஜிப் மாற்றுவதும், பேன்ட் உயரம் குறைப்பதும்தான் முக்கால்வாசி வேலை.

மகன் சின்ன வயதில் அந்தக் கடையில்தான் வளர்ந்தான். காஜா எடுப்பான், பட்டன் கட்டுவான். பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு கடைப் பக்கம் வருவது குறைந்தது. 'படிக்கிற பையன், போகட்டும்' என்று அப்பாவும் விட்டுவிட்டார்.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போதுதான் அது நடந்தது. விண்ணப்பத்தை மகனே நிரப்பிவிட்டு, கையெழுத்துக்காக அப்பாவிடம் நீட்டினான். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'பிசினஸ்' என்று எழுதியிருந்தது.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால், அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் பேச்சு சுருங்கிவிட்டது. "சாப்டியா?" "ம்." அவ்வளவுதான். என்ன நடந்தது என்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

கட்டிங் டேபிளில் ஏறிய விமானம்

அடுத்த மார்ச்சில் வீட்டுக்கு ஒரு நீளமான அட்டைப்பெட்டி வந்தது. பழைய காஜா காசு, பொங்கலுக்குப் பெரியவர்கள் கொடுத்த காசு, மாமா கொடுத்த 2,000 ரூபாய் என்று மூன்று வருடம் சேர்த்து மகன் வாங்கிய விமான கிட். உள்ளே பால்சா மரத்தில் வெட்டிய துண்டுகளும், முழு அளவு வரைபடம் ஒன்றும் இருந்தன.

பால்சா மரங்களிலேயே மிக லேசான வகைகளில் ஒன்று. தென் அமெரிக்காவின் ஈக்வடாரிலிருந்துதான் உலகத்துக்குப் பெருமளவு வருகிறது. பிளேடால் வெட்டலாம், நகம் பட்டால் பள்ளம் விழும்.

இதைக் கட்டுவதற்கு முதலில் வேண்டியது, மேடு பள்ளம் இல்லாத பெரிய மேஜை. வரைபடத்தை அதில் விரித்து, பசை ஒட்டாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, மரத் துண்டுகளைக் கோடுகளின் மேலேயே வைத்துக் குண்டூசி குத்தி ஒட்ட வேண்டும். மேஜை கொஞ்சம் வளைந்திருந்தாலும் றெக்கை முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய றெக்கை விமானத்தை ஒரு பக்கமாகவே புரட்டும்.

அந்த வீட்டுக்குத் தெரிந்த சமதளமான மேஜை ஒன்றுதான். கடையின் கட்டிங் டேபிள்.

"ராத்திரி கடை சாத்தின அப்புறம் டேபிளை எடுத்துக்கட்டுமாப்பா?" பல மாதங்களுக்குப் பிறகு மகன் பேசிய முழு வாக்கியம் அது. அப்பா சாவியை எடுத்துக் கொடுத்தார்.

முதல் மூன்று இரவுகள் அப்பா தூரத்தில் உட்கார்ந்து பார்த்தார். நாலாவது இரவு, "குண்டூசியைச் சாய்ச்சுக் குத்துடா, நகராது" என்றார். ஐந்தாவது இரவிலிருந்து அவரும் மேஜைக்கு வந்துவிட்டார்.

மரக்கூடு முடிந்ததும் அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் பசை தடவியிருக்கும். இஸ்திரிப்பெட்டிச் சூட்டில்தான் ஒட்டும். முதலில் குறைந்த சூட்டில் ஓரங்களை ஒட்டி, பிறகு சூட்டைக் கூட்டினால் படலம் சுருங்கி மேளத்தோல் போல விறைக்கும். சூடு அதிகமானால் ஓட்டை விழும். ஒரு பக்கம் மட்டும் அதிகமானால் றெக்கையே முறுக்கிக்கொள்ளும்.

மகன் ஒட்டிய முதல் பகுதி முழுக்கச் சுருக்கம். அப்பா இஸ்திரிப்பெட்டியை வாங்கினார். அடியில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றினார். "வீடியோவுலயும் இப்படித்தான்பா துணி சுத்துறாங்க!" என்று மகன் வியந்தான். "30 வருஷமா பட்டுத் துணியை வேற எப்படித் தேய்ச்சேன்னு நினைச்ச?" என்று கேட்டுவிட்டு, றெக்கையை ஒரு சுருக்கம் இல்லாமல் முடித்துக் கொடுத்தார்.

அன்றிரவு மகன், தான் படித்த ஒரு விஷயத்தைச் சொன்னான். 1900-ல் வில்பர் ரைட் தன் கிளைடரைப் பொருத்த அமெரிக்காவின் கிட்டி ஹாக் கடற்கரை கிராமத்துக்குப் போனார். 18 அடி நீள மரச்சட்டம் கிடைக்காமல் 16 அடிதான் கிடைத்தது. அதனால், றெக்கைக்குத் தைத்து வைத்திருந்த துணி பெரிதாகிவிட்டது. தங்கியிருந்த டேட் குடும்பத்தாரின் தையல் மெஷினை வாங்கி, வில்பரே துணியைப் பிரித்துத் தைத்தார். ரைட் சகோதரர்கள் கிளைடரை விட்டுவிட்டு ஊர் திரும்பிய பிறகு, அந்தத் துணியில் டேட் வீட்டம்மா தன் மகள்களுக்கு கவுன் தைத்துப் போட்டாராம்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆல்ட்ரேஷன் வேலைதான் அப்போ" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

யாருக்கும் தெரியாமல் போட்ட ஒட்டு

பறக்கவிடுவதற்கு முதல் நாள் மாலை மகன் கடைசிச் சோதனைகளை முடித்தான். புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரைச் சுற்றிப் பார்த்தான். குச்சியை இழுத்தால் வால் தகடு மேலே போகிறதா, வலது பக்கம் தள்ளினால் சுக்கான் வலது பக்கம் திரும்புகிறதா என்று பார்த்தான். இரண்டு விரல்களை றெக்கையின் அடியில் கொடுத்துத் தூக்கினான். 20 செ.மீ அகல றெக்கையில், முன்விளிம்பிலிருந்து 6 செ.மீ தள்ளி வரைபடம் காட்டிய புள்ளியில் விமானம் தராசு போல நின்றது. பறப்பதும் விழுவதும் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. 'மூக்கு கனத்தால் விமானம் மோசமாகப் பறக்கும். வால் கனத்தால் ஒரே ஒரு முறைதான் பறக்கும்' என்று மாடல் விமானக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மகன் வீட்டுக்குப் போன பிறகு அப்பா விமானத்தைத் தடவிப் பார்த்தார். வால் பகுதி மட்டும் அவருக்குப் பயமாக இருந்தது. 'அப்பளம் மாதிரி இருக்கே, மேல போனதும் பிச்சுக்கிட்டா? பையன் மூணு வருஷம் சேர்த்த காசாச்சே!' படலத்தை மெல்ல உரித்தார். நாலு மூங்கில் சிம்புகளைச் சீவி, இரண்டு டியூப் கலந்து ஒட்டும் பசையைத் தாராளமாகத் தடவி வாலுக்கு முட்டுக் கொடுத்தார். மேலே புதிதாகப் படலம் ஒட்டித் தேய்த்தார். வேலை அவ்வளவு சுத்தம். மறுநாள் காலை மகனால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

ஏரியில் விழுந்து உடைந்த பிறகுதான், கிழிந்த படலத்துக்குள்ளிருந்து மூங்கில் எட்டிப் பார்த்தது.

"யாருப்பா இதை வச்சது?"

"உடையக் கூடாதேன்னுதான்டா..."

மகனின் கண்கள் கலங்கிவிட்டன. கத்தவில்லை. துண்டுகளைப் பொறுக்கி சாக்கில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். அடிபட்ட லித்தியம் பேட்டரி எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கலாம் என்பதால், அதை மட்டும் தனியாக எடுத்து வந்து, வீட்டுக்கு வெளியே மணல் நிரப்பிய சட்டியில் வைத்தான். அன்று முழுக்க வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

30 கிராமும் 90 கிராமும்

மறுநாள் மாலை அப்பா, வாலிலிருந்து பிரித்த மூங்கிலையும் காய்ந்த பசைக் கட்டியையும் காகிதத்தில் மடித்துக்கொண்டு, பக்கத்து அடகுக் கடைக்குப் போய் நகைத் தராசில் வைத்துப் பார்த்தார். 30 கிராம். நாலு சவரன்கூட இல்லை.

"இத்தனூண்டு கனத்துக்கா விழுந்துச்சு?" என்று மகனிடம் வந்து கேட்டார். அதில் கோபம் இல்லை; நிஜமாகவே தெரிந்துகொள்ளும் கேள்வி.

மகன் சாக்பீஸை எடுத்து கட்டிங் டேபிளிலேயே கோடு போட்டான். "ஏத்தப் பலகை மாதிரிப்பா. நடுப்புள்ளியிலேர்ந்து வால் 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கு. மூக்கு 20 சென்டிமீட்டர்தான். வால்ல 30 கிராம் வச்சா, சரிக்கட்ட மூக்குல மூணு மடங்கு, 90 கிராம் வைக்கணும். மொத்த விமானமே 700 கிராம்தான்."

அப்பா அந்தக் கோட்டையே பார்த்தார். "காலருக்குக் கனமான கேன்வாஸ் வச்சா சட்டை முழுக்கப் பின்னால இழுத்துக்கிட்டுப் போகும். அந்த மாதிரியா?"

"அதேதான்பா."

"30 வருஷமா தெரிஞ்ச விஷயம். இங்க தோணாமப் போச்சே..."

மகன் சாக்பீஸைக் கீழே வைத்தான். "என் மேலயும் தப்பு இருக்குப்பா. ஒவ்வொரு தடவை பறக்கிறதுக்கு முன்னாடியும் விரல்ல தூக்கிப் பார்க்கணும். நேத்துதானே பார்த்தோம்னு விட்டுட்டேன்."

பிள்ளை உடைந்துவிடக் கூடாதே என்று பெற்றவர்கள் எதையாவது கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதன் கனம் என்ன என்று யாரும் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை. அந்த அப்பா வைத்துப் பார்த்தார்.

நாலு நிமிடம்

ஒட்டி முடிக்க 11 இரவுகள் ஆயின. மோட்டார் பொருத்தும் முன்பலகை, றெக்கையின் நடு எலும்பு, புரொப்பல்லர், பேட்டரி எல்லாம் புதிது. வாலுக்கு மெல்லிய பால்சா மட்டும். அப்பா இந்த முறை ஒவ்வொரு சொட்டுப் பசையையும் மகனிடம் காட்டிவிட்டுத்தான் வைத்தார்.

இடைப்பட்ட நாள்களில் மகன் நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் பறக்கும் பயிற்சி எடுத்தான். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். புதியவர்கள் விழுவது பெரும்பாலும் அங்கேதான். அதற்கு ஒரு சுலப வழி உண்டு. எந்த றெக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ள வேண்டும். தாழ்ந்த தோளுக்கு முட்டுக் கொடுப்பது போல.

ஜூன் முதல் ஞாயிறு. அதே ஏரி, அதே நேரம். அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலம்தானா என்று மகன் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டான். பச்சை மண்டலத்திலும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா விமானத்தைக் கீழே வைக்காமல் இரண்டு விரல்களை றெக்கையின் அடியில் கொடுத்துத் தூக்கினார். நேராக நின்றது. "பார்த்துக்கோ" என்றார். மகன் தலையாட்டினான்.

நாலு எட்டு ஓடி, நேராகத் தள்ளினார்.

விமானம் கொஞ்சம் தாழ்ந்தது. அப்பாவுக்கு மூச்சே நின்றது. பிறகு சீராக ஏறியது. ஏரிக்கரைப் பனைமரங்களுக்கு மேலே ஒரு வட்டம். இன்னொரு வட்டம். காலை வெயில் றெக்கைக்குள் புகுந்து, உள்ளேயிருந்த மர எலும்புகளை ஒவ்வொன்றாகக் காட்டியது. நாலு நிமிடம் கழித்து மோட்டாரை நிறுத்தி, காற்றுக்கு எதிராகத் திருப்பி இறக்கினான். காய்ந்த புல்லில் சறுக்கிக்கொண்டு போய் நின்றது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் ஓடிவந்தார்கள். ஒருவன் றெக்கையைத் தொட்டுப் பார்த்தான். "ண்ணா, கடையில வாங்கினதா? ஒரு சுருக்கம்கூட இல்லையே!"

"றெக்கை எங்கப்பா போட்டது" என்றான் மகன். "அவர் டெய்லர்."

அப்பா அப்போது கொஞ்சம் தள்ளி, பேட்டரியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பையின் ஜிப்பை மூடுவதற்கு மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.