எங்கள் ஆய்வுகூடத்துப் பைதன்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் எங்களுக்குப் பைதன்தான் பாடத்திட்டத்தில் உள்ள மொழி. வகுப்பில் இரண்டு மூன்று பேரின் வீட்டில் மடிக்கணினி இருக்கிறது. பாலையூற்றிலிருந்து பஸ்ஸில் வரும் என்னைப் போன்றவர்களுக்குப் பாடசாலைக் கணினி ஆய்வுகூடமே கதி. காலையில் தரம் 12 தங்கச்சிமார் இருந்த கதிரையில் பகல் நாங்கள் இருப்போம்.

வடகீழ்ப் பருவக்காற்று மழைவீழ்ச்சியை வரைபாக்கும் செய்நிரல் ஒன்றை எங்கள் குழு எழுதியது. திங்களன்று ஓடியது, வியாழனன்று ஓடவில்லை. இடையில் ஒருவரும் அதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. வைரஸ் என்றாள் ஒருத்தி. கண்ணூறு என்றாள் இன்னொருத்தி. கண்காட்சிக்கு ஒரு கிழமைதான் இருந்தது.

நடந்தது இதுதான். இன்னொரு குழு தங்கள் வேலைக்காக நம்பை என்ற பொதியை 1.24ஆம் பதிப்புக்குப் புதுப்பித்திருந்தது. நம்பையில் முன்பு 'ஃபுளோட்' என்றொரு பெயர் இருந்தது. 1.20இல் அதைப் பாவிக்க வேண்டாமென எச்சரித்தார்கள், 1.24இல் அடியோடு நீக்கிவிட்டார்கள். எங்கள் செய்நிரலில் அந்தப் பெயர் நான்கு இடத்தில் இருந்தது. மற்றக் குழுவைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குப் புதியது தேவை, எங்களுக்குப் பழையது. கணினியில் இருந்ததோ ஒரே ஒரு நம்பை.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் ராத்தாவிடம் கேட்டேன். பலர் பாவிக்கும் ஆய்வுக் கணினிகளில் இது பழைய தலையிடியாம். பல பதிப்புகளை அருகருகே வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் 'மொடியூல்ஸ்' என்ற முறை 1991இலேயே வந்துவிட்டது. எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. பைதன் 3.3இலிருந்து 'வென்வ்' கூடவே வருகிறது. ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கோப்புறை, அதற்குள் அதற்குரிய பொதிகள். கலியாண வீட்டுச் சஹனில் எல்லோரும் ஒரே தட்டில்தான் உண்கிறோம். ஆனாலும் அவரவர் கை அவரவர் முன்னால் உள்ள சோற்றில்தானே போகும்!

கரைச்சல் பிறகுதான் தொடங்கியது. எங்கள் கணினிகளில் இருப்பது விண்டோஸ் 7. அதில் பைதன் 3.8க்கு மேல் ஏறாது. 3.8க்கோ நம்பை 1.24தான் கடைசி. ஆய்வுகூடத்தில் இணையம் ஆமை வேகம், கைபேசி டேட்டாவுக்கோ வாப்பாவிடம் காசு கேட்க வேண்டும். ஆகவே ராத்தாவின் மடிக்கணினியில் பொதிகளை ஒரு தடவை மட்டும் இறக்கிப் பென் ட்ரைவில் கொண்டுவந்தோம். அவரிடம் இருப்பது புதிய பைதன். சும்மா இறக்கினால் அதற்குப் பொருந்தும் பொதிகள்தான் வரும், எங்கள் கணினி அவற்றை ஏற்காது. 3.8க்கு என்று குறிப்பிட்டே இறக்க வேண்டும். பிறகு இணையமின்றியே எல்லாக் கணினிகளிலும் நிறுவினோம்.

மழை வரைபு மீண்டும் வந்தது. மற்றக் குழுவின் வேலையும் கெடவில்லை.

வென்வ் கோப்புறையை அப்படியே பிரதி செய்து வேறு கணினிக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் வேலை செய்யாது. அது தான் பிறந்த இடத்தின் முகவரியைத் தனக்குள் எழுதி வைத்திருக்கிறது. கொண்டுபோக வேண்டியது பட்டியலைத்தான்: எந்தப் பொதி, எந்தப் பதிப்பு என்ற சில வரிகள். 'பிப் ஃப்ரீஸ்' என்று கொடுத்தால் அதுவே எழுதித் தரும்.

எங்கள் கோப்புறை நூற்றுக்கணக்கான மெகாபைட். பரீட்சை முடிந்து நாங்கள் போனதும் அதை அழித்துவிடலாம் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறோம். பட்டியலை மட்டும் தரம் 12 தங்கச்சிமாருக்காக வைத்துவிட்டுப் போகிறோம்.