பென்குவின் புத்தகமும் பூட்டிய பீரோவும்

சிராங்கூன் சாலை,
சிங்கப்பூர்

அன்புத் தோழிக்கு,

உன் பள்ளி நூலகத்துப் புத்தகம் ஒன்றைப் பற்றி ஒரு பெற்றோர் வந்து சத்தம் போட்டதாகவும், தலைமையாசிரியர் அன்றைக்கே அதை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். புத்தகத்தை அவரும் படிக்கவில்லை, வந்தவரும் முழுக்கப் படித்ததாகத் தெரியவில்லை. பதிவேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. சிங்கப்பூர்க்காரர்கள் இதையெல்லாம் எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்து எழுதச் சொன்னாய். தேக்கா சந்தையையும் முஸ்தபா கடையையும் பற்றி வீட்டுக்கு வந்து சொல்கிறேன். இந்தக் கடிதம் உன் கேள்விக்கு.

லிட்டில் இந்தியாவிலிருந்து தேசிய நூலகத்துக்கு நடந்தே போகலாம். சிராங்கூன் சாலை முடிந்து சிலிகி சாலை, அதைத் தாண்டினால் வாட்டர்லூ தெரு. அங்கே கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் குவான் இம் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குவான் இம்மைக் கும்பிட்டுவிட்டு வந்த ஒரு சீன மூதாட்டி, கிருஷ்ணன் கோயில் வாசலிலும் நின்று ஊதுவத்தியைத் தலைக்கு மேல் தூக்கி மூன்று முறை வணங்கினார். உள்ளே அர்ச்சகர் பாட்டுக்குத் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தார். இப்படிப் பலரும் அடுத்தடுத்து வாழும் ஊரில் ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்கு உறுத்தாமல் இருக்காது. நூலகத்துக்கு ஆட்சேபம் வருவதில் வியப்பில்லை.

விக்டோரியா தெருவில் இருக்கும் இப்போதைய பதினாறு மாடிக் கட்டடம் 2005இல் திறந்தது. அதற்கு முன் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் செங்கல் கட்டடம் ஒன்று இருந்தது. அதற்காக 1953இல் லீ கொங் சியான் என்ற ரப்பர் வணிகர் 3,75,000 வெள்ளி கொடுத்தார். நூலகம் எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், இந்த மண்ணின் மொழிகளை வளர்க்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் பணம் கொடுத்தவர் தன் பெயரைக் கேட்காமல் இதைக் கேட்டார் என்பதை நினைத்தாலே எனக்கு மனம் நிறைகிறது. இன்றைக்கு இங்கே தமிழ்ப் புத்தகங்களுக்குத் தனி அடுக்குகள் இருக்கின்றன.

கட்டடத்தின் தரைத்தளம் முழுக்கத் திறந்தவெளி. காற்று நன்றாக வரும். தெருவிலிருந்து நேரே நடந்து மறுபக்கம் வெளியேறலாம். நான் சொல்லப்போகும் கதையின் முக்கியமான நிகழ்ச்சி இந்த இடத்தில்தான் நடந்தது.

2014 ஜூலையில், பொதுமக்களில் ஒருவர் ஆட்சேபம் தெரிவித்ததை அடுத்து, தேசிய நூலக வாரியம் மூன்று சிறுவர் நூல்களை அடுக்கிலிருந்து எடுத்தது. ஒன்று ‘அண்ட் டேங்கோ மேக்ஸ் த்ரீ’. நியூயார்க் சென்ட்ரல் பார்க் விலங்குக் காட்சிசாலையில் ராய், சிலோ என்று இரண்டு ஆண் பென்குவின்கள் சேர்ந்து ஒரு முட்டையை அடைகாத்துக் குஞ்சு வளர்த்த உண்மை நிகழ்ச்சி. இரண்டாவது ‘தி ஒயிட் ஸ்வான் எக்ஸ்பிரஸ்’. சீனாவுக்குப் போய்க் குழந்தைகளைத் தத்தெடுக்கும் குடும்பங்களின் கதை. அதில் ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் இணையாக வாழ்கிறார்கள். மூன்றாவது ‘ஹூஸ் இன் மை ஃபேமிலி?’. பலவகைக் குடும்பங்களைப் பற்றியது. குடும்ப விழுமியங்களின் பக்கம் தாங்கள் நிற்பதாக வாரியம் விளக்கம் சொன்னது. எடுத்த புத்தகங்களைக் கூழாக்கிவிடுவார்கள் என்ற செய்தியும் வந்தது.

அந்தக் ‘கூழ்’தான் ஊரை உலுக்கியது. நூலகத்தின் முடிவை ஆதரித்தும் எதிர்த்தும் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். எழுத்தாளர்கள் நூலக நிகழ்ச்சிகளிலிருந்து விலகினார்கள். சிங்கப்பூர் இலக்கியப் பரிசுக்கான நடுவர்களில் மூவர் பொறுப்பைத் துறந்தார்கள். நாடகத் துறையின் டி. சசிதரன் அவர்களில் ஒருவர். ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, சுமார் 400 பேர் பிள்ளைகளோடு வந்து நான் சொன்ன தரைத்தளத்தில் உட்கார்ந்து அதே புத்தகங்களை வாசித்தார்கள். எதிர்ப்பு என்றால் இதுவல்லவா எதிர்ப்பு! எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோமோ அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்பா அம்மா மடியில் பிள்ளை.

ஜூலை 18 அன்று தகவல் தொடர்பு அமைச்சர் யாக்கோப் இப்ராஹிம், பென்குவின் புத்தகத்தையும் தத்தெடுப்புப் புத்தகத்தையும் பெரியவர்கள் பிரிவில் வைக்கச் சொன்னார். மூன்றாவதை மீட்க முடியவில்லை. அது அதற்குள் கூழாகிவிட்டிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பெரியவர்கள் பிரிவில் வைத்த முடிவு சரியா தவறா என்று நாள் முழுக்க வாதிடலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்காக எழுதிய படப் புத்தகத்தைப் பெரியவர்கள் அடுக்கில் எந்தப் பிள்ளை போய்த் தேடும்? ஆனாலும் அந்த இரண்டைப் பற்றி வாதிட இடமிருக்கிறது. நாளைக்கு வேறொரு அமைச்சரோ வேறொரு குழுவோ மறுபடி பரிசீலிக்கலாம். மூன்றாவதைப் பற்றிப் பேச அங்கே ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. ஆட்சேபம் வந்த புத்தகத்தை விசாரணை முடியும் முன்பே அழிப்பதை எந்த நியாயத்தாலும் என்னால் ஏற்க முடியாது.

இனி நான் தடுமாறிய பகுதிக்கு வருகிறேன். 2020இல் இங்கே இன்னொரு புத்தகம் பேச்சானது. சீன மொழியில் வந்த சிறுவர் கதை. ஆங்கிலத் தலைப்பு ‘ஹூ வின்ஸ்?’. வெளியிட்டது மார்ஷல் காவெண்டிஷ் எஜுகேஷன். மற்ற பிள்ளைகளை மிரட்டித் துன்புறுத்தும் பையனைக் கறுத்த தோல்காரனாகக் காட்டியிருந்தார்கள். ஊரே கொதித்தது. நூலக வாரியம் புத்தகத்தை அடுக்கிலிருந்து எடுத்து மறுபரிசீலனைக்கு அனுப்பியது. பதிப்பகம் மன்னிப்புக் கேட்டு விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றது.

இதைப் படித்தபோது என் மனம் போன வேகத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன். நம் பிள்ளைகளின் நிறம் அது. வகுப்பில் ஒரே ஒரு கறுத்த பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கதையை வாசித்தால், மற்ற பிள்ளைகள் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்? ‘தூக்கு அதை’ என்றுதான் எனக்கும் தோன்றியது. பென்குவின் புத்தகத்தை எதிர்த்தவரும் இதே பதைப்போடுதான் எழுதியிருப்பார். அவருடைய கருத்து எனக்கு ஒப்பவில்லை. ஆனால் ஒரு பெற்றோரின் பதைப்பைக் கேலியாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அதனால் நான் வெறுக்கிற புத்தகத்துக்கும் நேசிக்கிற புத்தகத்துக்கும் ஒரே நடைமுறைதான் இருக்க வேண்டும். எனக்குப் பிடித்ததற்கு விசாரணை, பிடிக்காததற்குப் பூட்டு என்றால் அது நடைமுறையே இல்லை.

இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவில் இங்கே ஒன்று மாறியிருந்தது. 2014இல் நூலகம் தனக்குள்ளேயே முடிவெடுத்தது. 2020இல் பொதுமக்களைக் கொண்ட நூலக ஆலோசனைக் குழு ஒன்று இருந்தது. ஆட்சேபம் வந்த நூலைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வது அதன் வேலை. கடைசிச் சொல் வாரியத்துடையதுதான். ஆனாலும் நூலகத்துக்கு வெளியிலிருந்து நாலு பேர் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறார்கள் என்பதே பெரிய மாற்றம்.

இப்படிப் படித்துப் பார்ப்பதற்கு அமெரிக்காவில் பல பள்ளி மாவட்டங்களில் எழுதப்பட்ட விதிகளே இருக்கின்றன. ஆட்சேபிப்பவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: முழுப் புத்தகத்தையும் படித்தீர்களா, எந்தப் பக்கம் உறுத்துகிறது, என்ன செய்யச் சொல்கிறீர்கள்? ஆசிரியர், நூலகர், பெற்றோர் அடங்கிய குழு படிக்கும். முடிவு வரும்வரை புத்தகம் அடுக்கிலேயே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நூலகச் சங்கத்தின் அறிவுரை. விதி இருந்தால் போதுமா என்றால், போதாது. நியூயார்க் மாநிலத்தில் ஐலண்ட் ட்ரீஸ் என்ற பள்ளி மாவட்டத்தில் பள்ளி வாரியம் 1976இல் சில புத்தகங்களை நீக்கியது. பிறகு தானே ஒரு ஆய்வுக் குழுவை அமைத்து, அந்தக் குழு வைத்திருக்கச் சொன்ன புத்தகங்களில் பெரும்பாலானவற்றை மறுபடியும் மறுத்தது. ஸ்டீவன் பிக்கோ என்ற மாணவனும் அவன் தோழர்களும் வழக்குப் போட்டார்கள். கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுக்கக் கூடாது என்று 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதன்மைக் கருத்து சொன்னது. ஆனால் அந்தக் கருத்துக்குப் பெரும்பான்மை நீதிபதிகளின் முழு ஆதரவு கிடைக்கவில்லை.

நம் ஊரும் இதிலிருந்து தப்பவில்லை என்பது உனக்குத் தெரியும். சிங்கப்பூரில் பென்குவின் சண்டை ஓய்ந்த அதே வருடக் கடைசியில் திருச்செங்கோட்டில் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை எரித்தார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ஒரு ‘அமைதிப் பேச்சு’ நடந்து, பெருமாள்முருகன் எழுத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவரை மறுபடி எழுத வைத்தது நினைவிருக்கும். அந்தத் தீர்ப்பில் பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு: இதுபோன்ற சச்சரவுகளைக் காவல்துறையிடமும் உள்ளூர் நிர்வாகத்திடமும் மட்டும் விட்டுவிடக் கூடாது, இலக்கியமும் கலையும் தெரிந்தவர்களைக் கொண்ட நிபுணர் குழு ஒன்றை அரசு அமைக்க வேண்டும் என்றது நீதிமன்றம். உன் பள்ளிக்குத் தேவையும் அதுதான், சிறிய அளவில்.

ஆகவே தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகாதே. அவர் பயந்துதான் பூட்டியிருப்பார். பெற்றோர் வாசலில் நின்று கத்தினால் யாருக்கும் பயம் வரும். புத்தகத்தின் பெயர், ஆட்சேபம் வந்த தேதி, ஆட்சேபித்தவர் காட்டிய பக்கங்கள், இதை மட்டும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள். அந்தப் பெற்றோரையும் விட்டுவிடாதே. குழுவில் அவருக்கும் ஓர் இடம் கொடு, ஆனால் அவரும் முழுக்கப் படித்துவிட்டு வர வேண்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாகச் சேர்க்கச் சொல். படிக்கப் பிரதி போதாது என்றால் நான் சென்னையில் இறங்கியதும் இன்னும் மூன்று வாங்கி அனுப்புகிறேன். ஆசிரியர் பெயரும் பதிப்பகமும் மட்டும் வாட்ஸ்அப்பில் போடு.

அன்புடன்,
உன் தோழி