கடைசி வரிசைக்குக் கேட்ட குரல்

கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களில் வளர்ந்த என் தலைமுறைப் பிள்ளைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றே தமிழுக்கு உரிய பொழுதாக இருந்தது. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் வங்காளம், வீட்டில் இரண்டும் கலந்த ஒரு தமிழ். மாதத்தில் ஓரிரு ஞாயிறுகளில் நம்மவர் சிலர் கூடி, ஒரு கொட்டகையைக் காலைக் காட்சிக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் படம் திரையிடுவர். படம் சென்னையில் வெளியாகிப் பல மாதங்கள் ஆகியிருக்கும். பிரதி தேய்ந்து திரையில் மழை பெய்யும். அதனால் என்ன? கொட்டகை வாயிலில் நம் முகங்கள் கூடியிருப்பதைக் காண்பதே பாதிப் படம் பார்த்ததற்குச் சமம்.

எனக்கு ஒன்பது வயது நடக்கையில், 1960-இல், அவ்வாறு பார்த்த படம் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. என் தந்தையார் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. அவர் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதில்லை. அத்தகையவர் அன்று இருளில், சிவாஜி கணேசன் பேசப் பேசத் தம் உதடுகளை அசைத்துக்கொண்டிருந்ததை நான் வியப்போடு பார்த்தேன். படத்தின் கதை வசனப் புத்தகத்தை ஊரிலிருந்து வரவழைத்து முன்பே நெட்டுருப் போட்டிருக்கிறார்! திருச்சி சங்கிலியாண்டபுரம் அவருடைய ஊர். கணேசன் சிறுவனாக வளர்ந்ததும் அங்கேதான். "அந்தப் பிள்ளையைத் தெருவில் எத்தனையோ முறை பார்த்திருப்பேன்" என்பார். அம்மா அதை ஒருபோதும் நம்பியதில்லை.

அந்த ஆண்டுப் படத்தால் விளைந்த துன்பம் அடுத்த பொங்கல் விழாவில் என் தலையில் விழுந்தது. ஜாக்சன் துரையின் முன் கட்டபொம்மன் பேசும் காட்சியை நான் மேடையில் நடித்துக் காட்ட வேண்டுமாம். தமிழ் எழுத்தே அரைகுறையாகத் தெரிந்த எனக்கு அப்பா அந்த வசனப் புத்தகத்தையே பாடப் புத்தகமாக்கினார். ழகரம் ஒருவாறு வந்துவிட்டது. வகரந்தான் வரவில்லை. வங்காளிப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த நாவிற்கு வகரமெல்லாம் பகரம். 'வரி' என்னும் சொல்லே உயிர்நாடியான அந்தக் காட்சியில் நான் 'பரி' 'பரி' என்று குதிரையைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தேன். அப்பா என் எதிரே அமர்ந்து, மேற்பல்லால் கீழுதட்டைத் தொட்டுக் காட்டி, "சொல்லு தம்பி, வ... வரி" என்று மாலைதோறும் பயிற்றுவித்தார். விழாவில் பாதி வகரம் வந்தது, மீதி வரவில்லை. கைதட்டல் மட்டும் குறைவில்லாமல் கிடைத்தது.

இதன் பின் நான் எழுத வேண்டியது எனக்குப் பெருமை தருவதன்று.

கல்லூரியில் சேர்ந்த பின் என் உலகம் மாறியது. திரைப்படச் சங்கம், சத்யஜித் ராய், விடியும்வரை விவாதம். 'சாருலதா'வில் ஒரு பெண் ஜன்னலுக்கு ஜன்னல் நடந்து தெருவைப் பார்ப்பதிலேயே அவள் தனிமை முழுதும் விளங்குகிறது என்று வியந்து பேசுவோம். அந்தக் கண்கொண்டு பார்க்கையில் நம்முடைய நடிகரின் துடிக்கும் கன்னமும் இடிக்குரலும் எனக்குக் கூச்சம் தந்தன. 'தெய்வ மகன்' 1969-இல் வெளிவந்து எங்கள் ஞாயிற்றுக் காட்சிக்கு வந்தபோது, வங்க நண்பன் ஒருவன் தானும் வருவேன் என்றான். தந்தையாகவும் இரண்டு மகன்களாகவும் மூன்று வேடங்கள். முகம் சிதைந்த மூத்த மகன் குமுறும் கட்டம் ஒன்றில் நான் உரக்கச் சிரித்தேன். சிரிப்பு வந்ததால் அன்று. நண்பன் சிரிப்பதற்கு முன் நான் சிரித்துவிட வேண்டும் என்று. இரண்டு வரிசை முன்னால் அமர்ந்திருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த காட்சிக்குச் சீட்டு வாங்குகையில் தமக்கும் அம்மாவுக்கும் மட்டும் வாங்கினார்.

அவ்வளவுதான். அதற்குப் பின் அவர் என்னைப் படத்திற்கு அழைக்கவே இல்லை.

அந்தக் குரல் எங்கே உருவானது என்பதை நான் பிற்காலத்தில்தான் தேடிப் படித்தேன். 1928 அக்டோபர் 1-ஆம் நாள் பிறந்த கணேசன், சங்கிலியாண்டபுரத்தில் சிறுவனாக இருக்கையில் கட்டபொம்மன் கூத்து ஒன்று நடந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்களாக நிற்க ஆள் வேண்டும் என்று சிறுவர்களை மேடையேற்றினர், இவரும் ஏறினார். விடுதலைப் போரில் சிறை கண்ட தந்தை சின்னையா மன்றாயருக்கு இது தெரிந்தது. வெள்ளையன் படையில் நின்றதற்காக மகனுக்குச் சரியான உதை கிடைத்தது. ஏழு வயதளவில், தாய் தந்தையற்ற பிள்ளை என்று பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். முதலில் கிடைத்த வேடம் சீதை.

பாய்ஸ் கம்பெனி என்பது எத்தகைய உலகம் என்பதை நம் இளையவர் அறியார். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்றவை வகுத்த வழி அது. ஊர் ஊராகப் பயணம். வரிசையாகப் பாயில் படுக்கை. வாத்தியார் கையில் பிரம்பு. ஒரு பிள்ளைக்கு ஒரு வேடம் என்ற கணக்கே கிடையாது. சூர்ப்பணகையும் பரதனும் இந்திரஜித்தும் ஒருவனுக்கே பாடமாகியிருக்க வேண்டும். எவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றிரவு நாடகம் நின்றுவிடலாகாது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், பாடிப் பிழைத்த பிள்ளை மூலையில் உட்கார வேண்டியதுதான். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒலிபெருக்கி இல்லை. தகரக் கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்திருக்கும் காலணா டிக்கெட்காரனுக்கு ஒவ்வோர் எழுத்தும் போய்ச் சேர வேண்டும். அவன் முகம் நடிகனுக்குத் தெரியாது. நடிகன் கண்ணில் நீர் துளிர்த்தால் அவனுக்குத் தெரியாது. ஆகவே உடம்பு முழுவதுமே அழ வேண்டும். கன்னம் துடிப்பதும், கை நடுங்குவதும், வசனம் ஏறி இறங்குவதும் அந்தக் கடைசி மனிதனுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை.

அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்ஜிய'த்தில் நடித்ததைக் கண்டு பெரியார் 'சிவாஜி' என்று அழைத்தது, 1952 தீபாவளிக்குக் 'பராசக்தி' வந்தது, மெலிந்த உருவம் என்று ஐயம் எழுந்தபோது பி.ஏ.பெருமாள் முதலியார் இவரே வேண்டும் என்று நின்றது முதலியவை யாவரும் அறிந்தவை. விரித்துரைக்க வேண்டா. ஒன்று மட்டும் சொல்வேன்: படவுலகில் கொடிகட்டிப் பறந்த பின்னும் அவர் மேடையை விட்டவர் அல்லர். கட்டபொம்மன் முதலில் அவர் மன்றத்தின் நாடகமாகவே நடந்தது. 'வியட்நாம் வீடு', 'தங்கப் பதக்கம்' ஆகியவையும் மேடையில் வென்ற பின்பே திரைக்கு வந்தன.

மேடையைப் பற்றி எனக்கு உண்மையில் அறிவு கொளுத்தியவன், நான் யாருக்காகச் சிரித்தேனோ அதே வங்க நண்பன். 1978 குளிர்காலத்தில் அவன் என்னைத் தன் ஊருக்கு ஜாத்ரா பார்க்க அழைத்துச் சென்றான். சித்பூர் சாலையிலிருந்து வந்த குழு. நான்கு புறமும் மக்கள். நடுவே திரையும் இல்லாத வெற்று மேடை. நடிகர் நான்கு திசைக்கும் திரும்பித் திரும்பிப் பேசுகிறார். அரசன் இறக்கையில் மேடை அதிர்கிறது. என் பக்கத்தில் ஒரு கிழவி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். "உங்கள் ஆள் இந்த வம்சம். அன்று கொட்டகையில் எனக்கு என் தாத்தா நினைவுதான் வந்தது; அவர் ஜாத்ராவில் ராவணன் போட்டவர். நீ ஏன் சிரித்தாய் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை" என்றான் நண்பன். குளிரில் நெடுநேரம் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் நடித்தவை எல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த பல படங்களைக் கைகூப்பி ஒதுக்கிவிடலாம். பழைய முழக்கமே பழக்கமாகிப்போன காலம் அது. ஆனால் 'கப்பலோட்டிய தமிழன்' (1961) வ.உ.சி.யைப் பாருங்கள். சிறையிலிருந்து வெளியே வந்து, வரவேற்க ஆளில்லாமல் நிற்கும் அந்த மனிதரிடம் முழக்கம் எங்கே? 'நவராத்திரி'யில் (1964) ஒன்பது வேடங்கள். அவற்றுள் கூத்துக்காரராக வந்து சாவித்திரியோடு ஆடும் இடத்தில், தாம் எந்தக் குடியில் பிறந்த கலைஞர் என்பதை அவரே சொல்லிவிடுகிறார். 'முதல் மரியாதை'யில் (1985) பாரதிராஜா கேட்டதற்கு இணங்கி ஒப்பனையைக் களைந்து, குரலையும் தாழ்த்திக்கொண்டார். கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா 1960-இலேயே சிறந்த நடிகர் என்றது. பிரான்சு 1995-இல் செவாலியே விருது அளித்தது. 1996-க்குரிய பால்கே விருதும் வந்தது. இந்திய அரசின் சிறந்த நடிகர் விருது மட்டும் ஒருமுறையும் வரவில்லை. இதைப் பற்றி அப்பாவிடம் பேசினால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

அம்மா மறைந்தபின் அப்பா எங்களோடு வந்து தங்கினார். எழுபத்தைந்தைக் கடந்ததும் காது மந்தமாயிற்று. தொலைக்காட்சியில் புதிய படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்" என்று எழுந்து போவார். பழைய படம் வந்தால் மட்டும் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டு உட்காருவார். அது கேட்கிறதா அப்பா என்றால், கேட்கிறது என்பார்.

2001 ஜூலை 21 அன்று இரவு சிவாஜி கணேசன் சென்னையில் மறைந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கல்கத்தாவின் மழையில் காலை முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருந்தோம். தமிழ்த் தொலைக்காட்சியில் கூட்டமும் கண்ணீரும் இடையிடையே பழைய காட்சிகளும் மாறி மாறி ஓடின. ஜாக்சன் துரையின் காட்சி வந்தது. அப்பாவின் உதடுகள் அசைந்தன. சட்டென்று மின்சாரம் நின்றுபோயிற்று. கல்கத்தாவுக்கு அது புதிதன்று.

அப்பா இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, நின்ற இடத்திலிருந்து நானே தொடர்ந்தேன். ஐம்பது வயதில், அவர் காதுக்கு எட்ட வேண்டுமே என்று முழுக்குரலில். சமையலறையிலிருந்து என் மனைவி வந்து நின்றாள். நான்கு வரி போனதும் அப்பா கையுயர்த்தி நிறுத்தினார்.

"தம்பி, இன்னும் பரி என்றுதான் சொல்கிறாய்" என்று, மேற்பல்லால் கீழுதட்டைத் தொட்டுக் காட்டினார்.