பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் நாமே பொறுப்பு

வீட்டுக் கொல்லையில் இரண்டு ஆடுகள் கட்டி வளர்ப்பது நம் குடும்பங்கள் பலவற்றில் பழகிப்போன வழக்கம். அவசரத்துக்குக் கைகொடுக்கும் சேமிப்பும் அதுவே. அச்சேமிப்பை ஓரிரு வாரங்களில் அழித்துவிடக் கூடியது ஆட்டுக்கொல்லி நோய். மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் நான் மருத்துவன் அல்லன். ஆயினும், ஆடு வளர்க்கும் தெருவில் வாழ்பவன் என்ற முறையில் சில சொல்ல விழைகிறேன்.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987-இல், நம் தமிழகத்தின் அரசூர் என்னும் சிற்றூரில்தான். கடுங்காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கழிச்சல், இருமல் ஆகியவை இதன் அடையாளங்கள். இது மனிதரைத் தொற்றுவதில்லை. ஆனால் மூச்சாலும் சளியாலும் கழிச்சலாலும் ஆட்டுக்கு ஆடு விரைந்து பரவும். இந்த வைரஸ் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. அரசூரில் எடுத்த அதே கிருமியை வலுவிழக்கச் செய்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. ஒருமுறை போட்டால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவாசி ஒருவர், ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்கென்று சந்தையில் இரண்டு கிடாக்களை மலிவாக வாங்கி வந்தார். மூன்றாம் நாள் ஒன்று இருமியது. அவர் எவரிடமும் சொல்லவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுகத் தொடங்கியதும் அதே சந்தையில் விற்றுவிட்டார். வேலிக்கு அப்பால் கணவரை இழந்த ஒரு சகோதரியின் ஐந்து ஆடுகள் இருந்தன. அடுத்த இரு வாரங்களில் நான்கு மாண்டன. மகளின் படிப்புச் செலவுக்கென அவர் வளர்த்தவை அவை. விற்கப்பட்ட கிடா எந்த வீட்டுக் கொல்லைக்குப் போயிற்றோ, அதை எவரும் அறியோம்.

நோயுற்ற ஒட்டகங்களை உடையவர் அவற்றை நலமுள்ள ஒட்டகங்களிடம் கொண்டு செல்லலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். நோய் இறைவன் நாட்டப்படியே வருகிறது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஆட்டின் கயிறு நம் கையில் அல்லவா இருக்கிறது? நாட்டின் சட்டமும் இதையே கேட்கிறது. இத்தகைய தொற்றுநோய் கண்டதாகத் தெரிந்தால் ஊர் அலுவலரிடமோ ஊராட்சியிடமோ அறிவிப்பதும், நோயுற்றதைப் பிரித்துக் கட்டுவதும் உரிமையாளரின் கடமை என்கிறது 2009-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஊசி போட வருகிறார்கள் என்றதும், "நம் ஆடு நலமாகத்தானே இருக்கிறது?" என்று மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்றுவிடுவோர் உண்டு. நலமாக இருக்கும்போது போடுவதற்கே தடுப்பூசி. நோய் கண்டபின் அது பயன்படாது. ஓரிரு நாள் இலேசான காய்ச்சல் வரலாம் என்பதற்காக முழுக் கிடையையும் இழக்க எவரேனும் துணிவாரா? ஊசி போடாத ஒரு வீடு, நோய் தெருவுக்குள் நுழையும் வாசலாகிறது.

இவ்வினத்தைச் சேர்ந்ததே மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய். அது 1995-க்குப் பின் இந்தியாவில் தோன்றவில்லை. 2011-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியும், நோயை மறைக்காமல் அறிவித்ததும் இன்றி அது நடந்திராது. ஆட்டுக்கொல்லி நோயையும் 2030-க்குள் ஒழிக்க உலக அமைப்புகள் இலக்கு வைத்துள்ளன.

ஆகவே, சகோதர சகோதரிகளே! சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரமேனும் தனியே கட்டுங்கள். நோயுற்றதை விற்காதீர்கள்; கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி போட வரும் நாளில் உங்கள் ஆட்டைப் பிடித்து நிறுத்துவதோடு, பக்கத்து வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டிச் சொல்லிவிடுங்கள்.